புற்றுநோய்த் தடுப்பும் நம் கடமையும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் கல்லூரி அன்னையின் பழம்பெருமையை எடுத்துரைத்தலும், மறைந்த ஆசிரியப் பெருமக்களை நினைவுகூர்தலும், சைவமும் தமிழும் தழைத்தோங்குக என வாழ்த்துதலும் மரபு. அப்பணியைச் செவ்வனே செய்ய எம்மினும் தக்கார் பலர் இம்மலரில் உளர். ஆதலின் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும், அதனை வராமற் காக்கும் தடுப்பூசியுமே அப்பொருள். ஆடவர் பயிலும் கல்லூரியொன்றின் மலரிலே, பெண்டிரைப் பற்றும் நோயொன்றைக் குறித்து, அதுவும் தமிழாசிரியர் ஒருவர், எழுதுதல் பொருந்துமோ என்று வாசகர் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பது மட்டுமன்று. காலந் தாழ்த்தாது செய்யவேண்டிய கடமையும் அதுவே என்பது எமது கருத்து.

எம்மை இங்ஙனம் எண்ணச் செய்தது ஒரு சிறு நிகழ்ச்சி. இக்கல்லூரிக்கு வருமுன் யாம் ஒரு கலவன் பாடசாலையில் ஆறாந் தர வகுப்பாசிரியராய் இருந்தோம். தடுப்பூசி ஏற்றும் நாளுக்கு முன்னர், பெற்றாரின் இசைவு வேண்டி மாணவிகளிடம் படிவங்கள் கொடுத்தனுப்பப்பட்டன. ஒரு சிறுமியின் படிவம் மட்டும் ஒப்பமின்றித் திரும்பியது. அவள் தந்தையார் கற்றவர். பொறுப்பான உத்தியோகம் பார்ப்பவர். மறுநாட் காலை அவரைப் பாடசாலை வாயிலிற் கண்டு காரணம் கேட்டோம். “சேர், இது எங்கட வீட்டுப் பிள்ளையளுக்குத் தேவையில்லாத ஊசி” என்று தாழ்ந்த குரலிற் கூறிவிட்டு அவர் அகன்றார். யாம் மறுமொழி யாதும் கூறவில்லை. கூறுதற்கு வேண்டிய அறிவு அன்று எம்மிடம் இருக்கவில்லை. அறிவு இருந்திருப்பினும் அப்பொருளை வாய்விட்டுப் பேசும் துணிவு இருந்திருக்குமோ என்பதும் ஐயமே. அச்சிறுமி ஊசி பெறாமலே அவ்வாண்டு கழிந்தது. அன்று சொல்லாது விட்டதையே இன்று எழுதுகின்றோம்.

அத்தந்தையாரின் சொல்லுக்குள் மறைந்திருந்த எண்ணம் பழையது. 1842 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வெரோனா நகரின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த றிகோனி-ஸ்டேர்ண் என்னும் மருத்துவர், கருப்பைப் புற்றுநோயால் இறந்தோருள் மணமான பெண்டிரும் கைம்பெண்டிருமே மிக்கிருப்பதையும், மடங்களில் வாழ்ந்த கன்னியாஸ்திரீகளிடை அந்நோய் அரிதாயிருப்பதையும் கண்டார். இத்தகைய அவதானிப்பு இருவேறு வழியிற் சென்றது. அறிவியலாளர், இந்நோய்க்குக் காரணம் உடலுறவின் வழியே பரவும் ஏதோ ஒன்றாதல் கூடும் எனத் தேடத் தலைப்பட்டனர். பொதுமக்களோ நோயுற்றவளின் ஒழுக்கத்தை ஐயுறத் தலைப்பட்டனர். அறிவியலின் தேடல் பயன் தந்தது. மக்களின் ஐயமோ இன்னும் தீர்ந்தபாடில்லை.

1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றியற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி இந்நோயால் தமது 31 ஆம் வயதில் உயிர்நீத்தார். அவருடைய புற்றுக் கலங்கள் அவர் அறியாமலே எடுக்கப்பெற்று, உலகின் ஆய்வுகூடங்களில் இன்றுவரை வளர்க்கப்பட்டு வருகின்றன. இந்நோய்க்கு வேறொரு வைரசே காரணம் எனப் பலர் கருதிய 1970 களில், ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் மட்டும் மனிதப் பப்பிலோமா வைரசையே ஐயுற்றார். பப்பிலோமா என்பது பரு போன்ற புறவளர்ச்சியைக் குறிக்கும் சொல். அவரும் அவர்தம் குழுவினரும் 1983 இல் அவ்வைரசின் 16 ஆம் இனத்தையும், 1984 இல் 18 ஆம் இனத்தையும் புற்றுத் திசுக்களிற் கண்டறிந்தனர். லாக்ஸ் அம்மையாரின் கலங்களிலும் அந்த 18 ஆம் இனமே உறைந்திருந்தது பின்னர்ப் புலனாயிற்று. சூர் ஹவுசன் 2008 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வைரசின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. இதில் 200 இற்கு மேற்பட்ட இனங்கள் உள. பெரும்பாலானவை தீங்கற்றவை, சில கைகால்களிற் பாலுண்ணியைத் தோற்றுவிப்பவை, ஏறக்குறைய ஒரு பன்னிரண்டே புற்றுநோய்க்கு வழிகோலுபவை. அவற்றுள்ளும் 16, 18 ஆகிய இரண்டும் உலகில் இந்நோயுறுவோருள் நூற்றுக்கு 70 பேரளவிற்குக் காரணமாகின்றன. இல்லறத்தில் வாழும் ஆண் பெண் இருபாலாரிற் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரசுக்கு ஆளாகின்றனர். உடலின் காப்பாற்றலே பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் அதனை அகற்றிவிடும். அகலாது தங்கிவிடும் சிலரிடத்தே, கலம் கட்டின்றிப் பெருகாதவாறு தடுத்து நிற்கும் இரு காவற் புரதங்களை வைரசின் புரதங்கள் செயலிழக்கச் செய்கின்றன. அதன் பின்னர்ப் புற்று முற்றுதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும்.

இதனால் விளங்குவது யாது? தன் கணவனையன்றிப் பிறர் எவரையும் அறியாத பெண்ணுக்கும் இந்நோய் வரலாம். கணவனிடத்தில் வைரசு எவ்வித அறிகுறியுமின்றித் தங்கியிருத்தல் கூடும். அவனே அதனை அறியான். ஆகவே நோய் ஒழுக்கத்தின் அளவுகோலன்று. ‘எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை’ என்னும் கூற்று, அப்பிள்ளை நாளை மணக்கப்போகும் ஒருவனைப் பற்றிய உறுதியையும் உள்ளடக்கியதன்றோ? அவ்வுறுதியைத் தரவல்ல தந்தை எவர்?

இனித் தடுப்பூசியின் வரலாற்றுக்கு வருவோம். புற்றுநோயை ஊசியால் தடுத்தல் இதனோடு தொடங்கியதன்று. தாய்வான் நாட்டில் 1984 ஆம் ஆண்டு முதற் குழந்தைகளுக்கு ஈரலழற்சி பீ வைரசுக்கெதிரான ஊசி ஏற்றப்பட்டது. அதனாற் சிறுவரிடையே ஈரற் புற்றுநோய் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்ததென 1997 இல் அறிவிக்கப்பட்டது. பப்பிலோமா வைரசையோ ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்தல் அரிதாயிருந்தது. 1991 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் பிரேசர் என்பவரும், சீன நாட்டவரான ஜியான் ஷோ என்பவரும் அதற்கொரு வழி கண்டனர். வைரசின் மேலுறைப் புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கின், அப்புரதங்கள் தாமாகவே ஒன்றுகூடி வைரசின் வடிவைப் பெறும். நெல்லின் உமி போல் அதில் உறை உண்டு, உள்ளே முளைக்கும் அரிசி இல்லை. ஆதலின் அது நோயை விளைக்கமாட்டாது. ஆயினும் உடல் அதனைப் பகையென அறிந்து காப்பை உண்டாக்கும். இம்முறையில் ஆக்கிய தடுப்பூசி 2006 ஆம் ஆண்டில் முதன்முதல் அங்கீகாரம் பெற்றது. ஷோ அதனைக் காண இருக்கவில்லை. 1999 இலேயே காலமாகிவிட்டார்.

ஊசி நற்பயன் தந்ததா என்பதே அடுத்த வினா. புற்று முற்ற இருபது ஆண்டுகள் செல்லும் நோயில் இதற்கு விடைகாணப் பொறுமை வேண்டியிருந்தது. அவ்விடை இப்போது கிடைத்துவிட்டது. 2020 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர், 17 வயதிற்கு முன் ஊசி பெற்ற பெண்களிடை இந்நோய் நூற்றுக்கு 88 பங்கு குறைந்திருப்பதாக அறிவித்தனர். 2021 இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. 12, 13 வயதில் ஊசிக்கு அழைக்கப்பட்ட தலைமுறையில் நோய் நூற்றுக்கு 87 பங்கு குறைந்தது. 14 முதல் 16 வயதில் அழைக்கப்பட்டோரிடை 62. 16 முதல் 18 வயதில் அழைக்கப்பட்டோரிடை 34. ஊசி ஒன்றே, வயதே வேறுபட்டது. 12, 13 வயதில் முறையாக ஊசி பெற்ற பெண்களுள் ஒருவருக்கேனும் இந்நோய் பதிவாகவில்லை என 2024 இல் ஸ்கொத்லாந்திலிருந்து செய்தி வந்தது. ஏற்கெனவே தொற்றிவிட்ட வைரசை இவ்வூசி அகற்றமாட்டாது. வருமுன் காத்தலே அதன் தொழில். ஆறாந் தரச் சிறுமிக்கு இப்போதே எதற்கு என்று கேட்போருக்கு இவ்வெண்களே விடையாகும்.

இன்றைய ஆய்வுகள் செல்லும் திசைகளுள் முதன்மையானது, எத்தனை முறை ஊசி ஏற்றவேண்டும் என்பதாகும். முதலில் மூன்று முறை என வகுத்தனர். பின்னர்ச் சிறுமியர்க்கு இரண்டு போதும் என்றனர். இப்போது ஒன்றே போதும் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதில் இந்தியாவில் நிகழ்ந்தது வியப்புக்குரியது. 2009 ஆம் ஆண்டில் அங்கு இரண்டு முறையையும் மூன்று முறையையும் ஒப்பிடும் ஆய்வொன்று தொடங்கிற்று. 2010 இல் அரசு வேறொரு காரணத்தால் இவ்வூசி பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் நிறுத்தியது. இதனால் ஆயிரக்கணக்கான சிறுமியர் ஓர் ஊசியோடு நிற்க நேர்ந்தது. ஆய்வாளர் அவர்களைக் கைவிடாது பத்தாண்டு வரை தொடர்ந்து அவதானித்தனர். 16, 18 ஆம் இனங்கள் நிலைத்துத் தங்காமற் காத்தலில் ஓர் ஊசியின் பயன் நூற்றுக்கு 95 அளவினது என்றும், அது மூன்று ஊசிகளின் பயனுக்குக் குறைந்ததன்று என்றும் 2021 இல் வெளியிட்டனர். 2022 இல் கெனியா நாட்டு ஆய்வும் 18 மாத அவதானிப்பில் இதனையொத்த முடிவையே கண்டது. அவ்வாண்டின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரு முறை ஏற்றுவதையும் ஏற்றுக்கொள்ளத்தக்க மாற்றுமுறையென அறிவித்தது. வறிய நாடுகளுக்கு இது பெரிய நன்மை. ஒரு பிள்ளைக்குரிய செலவில் இரு பிள்ளைகளைக் காக்கலாமன்றோ?

இந்தியாவில் ஆய்வுகள் நிறுத்தப்பட்ட காரணத்தையும் மறைத்தல் நேர்மையன்று. ஆந்திரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் 2009 இல் இவ்வூசியைச் சிறுமியர்க்கு ஏற்றிய செயற்றிட்டமொன்றில், ஆந்திரத்து விடுதிகளிலே தங்கிப் படித்த ஏழைச் சிறுமியர் பலருக்குப் பெற்றாரைக் கேளாது விடுதிக் காப்பாளரே படிவத்தில் ஒப்பமிட்டனர். சிறுமியர் சிலர் இறந்தபோது பெருங் கிளர்ச்சி எழுந்தது. அவ்விறப்புக்களுக்கு ஊசியே காரணம் என விசாரணைக் குழு காணவில்லை. ஆயினும் இசைவு பெற்ற முறை தவறானது என்பது வெளிப்பட்டது. லாக்ஸ் அம்மையாருக்கு இழைத்த தவறும் அத்தகையதே. ஆதலின், ‘அரசு தருகின்றது, வாய்மூடி ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று யாம் ஒருபோதும் கூறோம். கேட்கவேண்டுவனவற்றைக் கேட்டறிந்து இசைதலே இசைவு. கேளாமலே மறுத்தலும் கேளாமலே இசைதலும் ஒரே குறையின் இரு வடிவங்கள்.

அச்சத்தால் விளையும் கேட்டுக்கு யப்பான் நாடு சான்று. அங்கு 2013 ஆம் ஆண்டு ஏப்ரிலில் இவ்வூசி நாட்டின் வழமையான திட்டத்திற் சேர்க்கப்பட்டது. ஊசியின் பின் நோவும் தளர்ச்சியும் உற்றதாகச் சிலரைப் பற்றிய செய்திகள் பரவவே, யூன் மாதத்தில் அரசு அதனைப் பரிந்துரைத்தலை நிறுத்திக்கொண்டது. நூற்றுக்கு 70 அளவில் ஊசி பெற்றுவந்த சிறுமியரின் தொகை ஒன்றுக்குங் கீழே வீழ்ந்தது. பின்னர் நகோயா நகரில் ஏறக்குறைய 30,000 இளம் பெண்களை வினவி 24 அறிகுறிகளை ஆராய்ந்தபோது, ஊசி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் பொருட்படுத்தத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. அரசு தன் பரிந்துரையை 2022 ஏப்ரிலில் மீண்டும் தொடங்கிற்று. இடையிற் கழிந்த ஆண்டுகளில் ஊசி இழந்த தலைமுறையில், தவிர்த்திருக்கக்கூடிய இறப்புக்கள் 5,000 அளவில் நிகழுமென அறிஞர் கணித்துள்ளனர். ஊசி ஏற்றிய இடத்தில் நோவு, சிறு காய்ச்சல், சிலருக்கு மயக்கம் ஆகியன உண்டாதல் உண்மை. அதற்காகவே ஏற்றியபின் சிறிது நேரம் அமர்ந்திருக்கச் செய்கின்றனர். அவ்வுண்மையை மறையாது கூறின் பெற்றார் அஞ்சார். மறைத்து, பின்னர் பிறர்வாய்க் கேட்கும்போதே அஞ்சுவர்.

நம் நாட்டில் இவ்வூசி 2017 ஆம் ஆண்டில் தேசிய தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. ஆறாந் தர மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே, ஆறு மாத இடைவெளியில் இருமுறை, கட்டணமின்றி ஏற்றும் வகையில் அது தொடங்கப்பெற்றது. இந்நற்பேறு பல நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் கிட்டவில்லை. 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 660,000 பெண்டிர் இந்நோய்க்கு ஆளாகினர். 350,000 பேர் இறந்தனர். இறந்தோரிற் பெரும்பாலோர் வறிய நாட்டினர். வாயில் வரை வந்த காப்பை நாணத்தின் பொருட்டுத் திருப்பியனுப்புதல் அறிவுடைமை ஆகுமோ?

எனினும் ஊசி ஒன்றால் மட்டும் கடமை முடிந்துவிடாது. இன்று முப்பதும் நாற்பதும் கடந்த நம் மனைவியரும் சகோதரியரும் சிறுமியராய் இருந்த காலத்தில் இவ்வூசி இருக்கவில்லை. அவர்களைக் காப்பது பரிசோதனையே. பாப்பானிக்கலவு என்னும் கிரேக்க மருத்துவர் வகுத்து, 1943 இல் நூலாக வெளியிட்ட பரிசோதனை முறை பல்லாயிரவரைக் காத்துள்ளது. அதற்கு ஆய்வுகூட வசதி வேண்டும். அவ்வசதி குறைந்த இடங்களுக்கு எளிய வழிகளைக் கண்டதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்டிரிடை, அசற்றிக்கமிலம் தடவிக் கண்ணாற் பார்த்து, வேண்டியோர்க்கு உடனே சிகிச்சை செய்யும் முறை ஆராயப்பட்டது. இந்நோயால் இறப்போர் தொகை நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததென 2007 இல் அறிவித்தனர். மகாராட்டிரத்து ஒஸ்மானாபாத் மாவட்டத்தில், வைரசையே தேடிக் காணும் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததனால் இறப்பு அரைவாசியளவு குறைந்ததென 2009 இல் வெளியிட்டனர். அப்பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்டிர் தாமே எடுத்துக்கொடுக்கும் முறையும் இன்று பல நாடுகளிற் பரவி வருகின்றது. நாணத்தால் விலகி நிற்போர்க்கு இது நல்லதொரு வழி.

நம் நாட்டிற் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றன. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து 35 வயதுப் பெண்டிரை அழைக்கின்றார். ‘வீட்டு வேலை முடியட்டும்’, ‘பிள்ளையின் சோதனை முடியட்டும்’ என்று அவர்கள் நாட் கடத்துகின்றனர். அவர்களைப் போகச் சொல்லி, அந்த ஒரு முற்பகல் அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் கணவர் எத்தனை பேர்? கல்லூரியிற் பயின்ற அறிவு இல்லத்திற் பயன்படவேண்டிய இடம் அதுவன்றோ?

2020 ஆம் ஆண்டு நவம்பர் 17 ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் 2030 ஆம் ஆண்டுக்குரிய இலக்கொன்றை வகுத்தது. 15 வயதிற்குள் சிறுமியர் நூற்றுக்கு 90 பேர் ஊசி பெறுதல். 35, 45 வயதுகளில் பெண்டிர் நூற்றுக்கு 70 பேர் சிறந்த பரிசோதனை பெறுதல். நோய் கண்டோருள் 90 பேர் சிகிச்சை பெறுதல் என்பனவே அவை. ஆண்டொன்றுக்கு 100,000 பெண்டிரில் நால்வருக்குங் குறைவாக இந்நோய் வருமாயின், அது ஒழிந்ததெனக் கொள்ளப்படும். ஒரு புற்றுநோயை உலகினின்றே ஒழிப்போம் என மனிதர் உறுதிபூண்டது இதுவே முதன்முறை.

ஆண் மக்களைப் பற்றியும் ஒரு சொல். இவ்வைரசு ஆடவரிடத்தும் தொண்டை முதலிய இடங்களிற் புற்றுநோயை விளைக்கும். அவுஸ்திரேலியா 2013 முதலும் இங்கிலாந்து 2019 முதலும் மாணவர்க்கும் ஊசி ஏற்றுகின்றன. சிறுமியர் யாவரும் பெற்ற பின்னர் அதுவும் இங்கு எண்ணத்தக்கது. ஆயின் நம் நாட்டு ஆடவரிடை மிகுந்து காணப்படும் வாய்ப் புற்றுநோய்க்கு முதற்காரணம் பாக்கும் வெற்றிலையோடு சேரும் புகையிலையுமே. அதற்கு ஊசி இல்லை, விடுதலே மருந்து. மகளுக்கு ஊசி ஏற்ற இசைந்த தந்தை, தம் வாயிலுள்ள புகையிலையையும் உமிழ்ந்துவிடுவாராயின் அவ்வீட்டிற் காப்பு நிறைவுறும்.

தமிழாசிரியர் என்ற முறையில் இறுதியாக ஒன்று கூறுவோம். பெயர் சொல்லப்படாத நோய்க்கு மருந்து தேடப்படுவதில்லை. நம் ஊர்களில் இந்நோயால் இறந்தவரைப் பற்றி ‘வயிற்றில் ஏதோ வருத்தம்’ என்றே கூறிவந்தனர். கருப்பைக் கழுத்து என்பது நல்ல தமிழ்ச் சொல். அதிற் கூசுதற்கு யாதும் இல்லை. திருக்குறளில் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுக்கப்பட்டிருப்பதை நாம் பெருமையோடு கற்பிக்கின்றோம். உடலைப் பற்றித் தமிழிற் பேச நாணுவோமாயின் அப்பெருமை வெறும் ஏட்டளவினதே. வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர் ஆண்டுக்கொருமுறை அயற்பாடசாலைகளுக்குச் சென்று பெற்றாரோடு தெளிந்த தமிழில் உரையாடுவாராக. பழைய மாணவர் சங்கம் அதனைத் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ளுமாக. இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரும் நாளை தந்தையராவர். படிவம் அவர் கைக்கும் வரும்.

யாம் முன்னர்க் குறிப்பிட்ட சிறுமி இந்நேரம் உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் காலம் முற்றும் கடந்துவிடவில்லை. ஊசி பெறின் இன்னும் ஓரளவு பயனுண்டு. ஆயினும் ஆறாந் தரத்திற் பெற்றிருந்தால் உண்டாகியிருக்கும் காப்பு இனிக் கிட்டாது. அந்த வேறுபாடு எத்துணையது என்பதை மேலே காட்டிய எண்கள் கூறும். அன்று அத்தந்தையாரிடம் இவற்றைச் சொல்ல எமக்குத் தெரியவில்லை. இம்மலர் அவர் கையிலும் சேருமாயின், அதுவே எமது மறுமொழியாகுக.